ஒற்றை விசில்

மார்ச் 3, திங்கள்

ஏனென்றால் கட்டம் பத்தவில்லை, சிஸ்டர். அதனால்தான் எழுதவில்லை. சர்க்கரை எவ்வளவு, மருந்து எத்தனை யூனிட், இதற்கெல்லாம் கட்டம் சரி. கடைசியில் ‘ஊசி போடும்போது குழந்தை எப்படி இருந்தது’ என்று தலைப்புப் போட்டுவிட்டுப் பட்டாணி அளவுக்கு இடம் விட்டால் அதில் எதை எழுத? முதல் நாள் ‘கத்தினாள்’ என்று எழுதினேன். இரண்டாம் நாள் ‘மேற்படி’. அப்புறம் விட்டுவிட்டேன்.

கிளினிக்கில் எல்லாருக்கும் முன்னால் நோட்டைத் தூக்கிக் காட்டி, “இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு? படிச்ச பையன்தானே நீ?” என்று கேட்டீர்கள். படிச்ச பையன் இல்லை. பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். பிடிக்கவில்லை, வந்துவிட்டேன். சாத்தூரில் டி.வி.எஸ். வண்டியில் தண்ணீர் கேன் போடுகிறேன். பெயர் முனீஸ். வயது இருபது. போதுமா?

நோட்டின் பின்பக்கம் நாற்பது தாள் காலியாகக் கிடக்கிறது. பதிலை அங்கே எழுதுகிறேன். நீங்கள் இதைப் புரட்டப் போவதில்லை, ஜெசிந்தா சிஸ்டர். உங்களுக்கு முன்பக்க நம்பர் போதும்.

எப்படி இருந்தாள் என்றால் இப்படி இருந்தாள். சுபிக்ஷா என் அக்கா மகள். ஏழு வயது. போன மாதம் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்து, பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய் என்றார்கள். சின்னப் பிள்ளைக்கா என்று கேட்டதற்கு, பிள்ளைகளுக்கும் வரும், இனிமேல் தினமும் இரண்டு வேளை இன்சுலின், விட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். மச்சான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அக்காவுக்கு ஊசியைக் கையில் எடுத்தாலே விரல் நடுங்குகிறது. மிச்சம் நான்.

காலை ஏழு மணிக்கு ஊசி. ஏழேகாலுக்கு அக்கா தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஏற வேண்டும். அக்கா காலைப் பிடிப்பாள். பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா கையைப் பிடிப்பார். நான் குத்துவேன். மூன்று பேரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லுவோம்.

“வலிக்காது கண்ணு. எறும்பு கடிக்கிற மாதிரிதான்.”

இன்று அவள் சொன்னாள்: “எறும்புன்னு சொல்லாதீங்க. எறும்பு கடிச்சா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

அப்புறம் பாவாடையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மார்ச் 6, வியாழன்

மச்சான் போனில் கத்தினார். “ஒரு மாசமா பிள்ள தண்ணியாக் குடிச்சிருக்கு, பாயை நனைச்சிருக்கு. வீட்ல இருந்த ரெண்டு பேரும் என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?”

திருப்பூரிலிருந்து கேட்பது சுலபம்.

வீட்டு கேன் மூன்று நாளைக்கு வரும். ஜனவரியில் ஒரே நாளில் காலியானது. நான்தான் மாற்றி மாற்றி வைத்தேன். அவளுக்கு ‘டேங்கர்’ என்று பேர் வைத்தேன். பாயை நனைத்ததற்குத் தெருப் பிள்ளைகள் முன்னால் கேலி செய்தேன். தாகம் என்றாள், ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். தினமும். டாக்டருக்குப் படித்தவனா நான்? யாருக்குத் தெரியும்?

இதைப் பற்றி இனிமேல் எழுதப் போவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கடித்தாள். இடது முன்கை. கட்டத்தில் ‘பரவாயில்லை’ என்று எழுதினேன்.

மார்ச் 11, செவ்வாய்

இதுவரை செய்து பார்த்ததும் ஊத்திக்கொண்டதும்:

போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது குத்தினேன். இப்போது போனைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். அக்காவுக்குப் போன் வந்தால்கூட ஓடுகிறாள்.

கதை சொன்னேன். ராஜா குதிரையில் ஏறும் இடத்தில் குத்தினேன். கதை என்றாலே காதைப் பொத்திக்கொள்கிறாள்.

தூங்கும்போது போடலாம் என்று பேச்சியக்கா யோசனை சொன்னார். ஒரு நாள் போட்டோம். அன்றிலிருந்து தூங்க மாட்டேன் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அதாவது நாங்கள் ஏமாற்றுகிற ஒவ்வொரு வழியும் அவளிடமிருந்து ஒரு நல்ல சாமானைப் பிடுங்குகிறது. கார்ட்டூன் போச்சு. கதை போச்சு. தூக்கம் போச்சு.

புது ஊசி ஒன்றை மருந்தில்லாமல் என் தொடையில் குத்திப் பார்த்தேன். வலித்தது. எறும்பு இல்லை. வயிற்றில் குத்தினேன். அங்கே குறைவு, மூச்சை விடும்போது குத்தினால் இன்னும் குறைவு. நான்கு முறை குத்திப் பார்த்தேன். சும்மாதான்.

மார்ச் 12, புதன்

கிளினிக். பஸ்ஸில் கண்டக்டருக்குப் பக்கத்து சீட் கிடைத்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளே பேசினாள்.

“மாமா, அந்த மாமா ஏன் விசில் அடிக்கிறாரு?”

“ஒரு விசில் அடிச்சா பஸ் நிக்கணும். ரெண்டு அடிச்சா போகணும்.”

“டிரைவர் கேக்கலன்னா?”

“கேட்டுத்தான் ஆகணும். ஆள் படியில தொங்கிக்கிட்டு இருப்பான்ல, டிரைவருக்கு எங்க தெரியும்?”

கண்டக்டரின் விசிலையே பார்த்தாள்.

“அப்ப டிரைவர் பெரிய ஆளா, கண்டக்டர் பெரிய ஆளா?”

“வண்டிய ஓட்டுறது டிரைவரு. ஆனா கண்டக்டர் சொல்லாம நகத்த முடியாது.”

இறங்கினதும் பஸ் ஸ்டாண்டுக் கடையில் சிவப்பு பிளாஸ்டிக் விசில் ஒன்று கேட்டாள். அடம் பிடிக்கவில்லை, கேட்டாள். வாங்கினேன். எதற்கு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்திருந்தது.

மார்ச் 13, வியாழன்

காலை ஆறே முக்கால். அக்காவும் பேச்சியக்காவும் கை கால் பிடிக்கத் தயாராக வந்தார்கள். சுபி விசிலை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

“நான் கண்டக்டர்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னேன்.

“வேன் வந்துரும்டா!” என்றாள் அக்கா.

“நீ வேன்ல ஏறு. இந்த வண்டிய நான் பாத்துக்கிறேன்.”

“நீ எதுலடா நிலைச்சு நின்ன? பாதில விட்டுட்டுப் போயிருவ. நான் யாரைக் கூப்பிடுவேன்?”

“போக்கா.”

போனாள். நான் தரையில் உட்கார்ந்தேன். “வலிக்கும்” என்றேன். “நான் குத்திப் பாத்துட்டேன். அஞ்சு எண்ணுற வரைக்கும் வலிக்கும், அப்புறம் போயிரும். நீ டபுள் அடிக்காம நான் தொடமாட்டேன்.”

ஒற்றை விசில். நான் ஊசியைக் கீழே வைத்தேன். என்னைப் பார்த்தாள். மறுபடி எடுத்தேன். ஒற்றை விசில். வைத்தேன். இப்படி நாற்பது நிமிஷம். சத்தம் தாங்காமல் தெருவே எட்டிப் பார்த்தது. இட்லி ஆறிப்போனது. கேன் ஏஜென்சி அண்ணாச்சி மூன்று முறை போன் அடித்தார், நான் எடுக்கவில்லை. நான் நிஜமாகவே நிற்கிறேனா என்று அவள் சோதித்துக்கொண்டிருந்தாள்.

ஏழு இருபத்தைந்துக்குச் சட்டையைத் தூக்கினாள். வயிற்றில் விரலை வைத்து, இங்கே என்று காட்டினாள். ஒரு சின்ன விசில், அடுத்து நீ...ளமாக ஒரு விசில். அந்த நீள விசிலில் மூச்சு முழுக்க வெளியே போய் வயிறு இளகிக் கிடந்தது. குத்தினேன். ஐந்து எண்ணினேன். எடுத்தேன்.

அழவில்லை. கண்ணில் தண்ணீர் இருந்தது. அது வேறு.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சது.”

“வலிச்சது.”

“ஆமா.”

“நீ சொன்ன மாதிரியேதான் வலிச்சது” என்று இட்லியைப் பிய்த்தாள்.

அண்ணாச்சி திட்டினார். திட்டட்டும்.

மார்ச் 20, வியாழன்

நாற்பது நிமிஷம் இருபதாகி, பத்தாகி, இன்று மூன்று. பிடிப்பதற்கு யாரும் வருவதில்லை. பேச்சியக்கா வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டி மட்டும் வருகிறது. குத்துகிற இடத்தில் அதை வைத்துக்கொண்டு அவளே இருபது எண்ணுகிறாள். எந்த இடம் என்பதும் அவள் முடிவு. திங்கள் வலது தொடை, செவ்வாய் இடது தொடை, புதன் வயிறு. ‘ரூட்’ என்று பேர் வைத்திருக்கிறாள். விரலில் ரத்தம் எடுப்பதற்கு விசில் இல்லை, அது ‘செக்கிங்’காம், கண்டக்டரே செய்ய வேண்டுமாம். தானே குத்திக்கொள்கிறாள்.

நேற்று சர்க்கரை 142. ஜெசிந்தா சிஸ்டர் நோட்டைப் பார்த்து, “விசில்னு எழுதியிருக்கே, என்ன அது?” என்றார். சொன்னேன். “ம்” என்றார். அடுத்த நோட்டை எடுத்தார். அந்த ‘ம்’ எனக்குப் போதும்.

மார்ச் 29, சனி

மச்சான் வந்திருக்கிறார். காலையில் ஊசி போட்டதைப் பார்த்துவிட்டு, “என்ன மாப்ள, சர்க்கஸ் காட்டுறீங்களா? அமுக்கிப் பிடிச்சுச் சட்டுனு குத்துனா ரெண்டு நொடி. இதுக்கு விசிலு, ஐஸு, ரூட்டு!” என்று சிரித்தார்.

“ஒரு வாரம் நீங்க போட்டுப் பாருங்க மச்சான்.”

“எனக்கு லீவு இல்ல.”

“அப்பச் சிரிக்காதீங்க.”

அக்கா முறைத்தாள். மச்சான் பேச்சை மாற்றினார். சுபிக்கு இன்னும் காது குத்தவில்லை. மூன்று வயதில் வைத்தபோது எங்கள் அப்பா செத்துப்போனார். ஐந்தில் வைத்தபோது மச்சானுக்குப் பைக்கில் கால் உடைந்தது. குலசாமிக்கு நேர்ந்தது நிற்பதால்தான் பிள்ளைக்கு நோய் வந்தது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்குக் குத்தியே தீருவது என்று பத்திரிகை வரைக்கும் அடித்துவிட்டார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் ஒருத்தன்தான், நான்.

“அவகிட்டச் சொல்லியாச்சா?” என்றேன்.

“சின்னப் பிள்ளகிட்ட என்னத்தச் சொல்ல? புதுத் தோடுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவோம்.”

ஏப்ரல் 2, புதன்

நானே சொன்னேன். ஆசாரி வருவார், காதில் கம்பியால் குத்துவார், இரண்டு தடவை, ஊசியைவிடக் கொஞ்சம் கூட வலிக்கும். நிறையப் பேர் இருப்பார்கள். என் மடியில் உட்கார வேண்டும்.

ரொம்ப நேரம் விசிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“அங்கயும் நான்தான் கண்டக்டரா?”

“நீதான்.”

“சிங்கிள் அடிச்சா ஆசாரி நிப்பாரா?”

“நான் நிப்பாட்டுவேன்.”

“சத்தியமா?”

சத்தியம் செய்தேன். தலையில் அடித்து.

ஏப்ரல் 11, வெள்ளி

காது குத்து முடிந்தது. இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கறிச்சோறு நன்றாக இருந்தது. எனக்குப் பட்டு வேட்டி எடுத்திருந்தார்கள். ஒரு காதுதான் குத்தினார்கள், இன்னொன்று அப்புறம். வெயில் அதிகம்.

மாலை சர்க்கரை 338. பாயசம் சாப்பிட்டிருப்பாள். ஊசி போடவில்லை, பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டாள். ஒரு வேளைதானே, பிள்ளை களைத்திருக்கிறது, விடு என்றார்கள்.

ஏப்ரல் 12, சனி

காலை 391. அக்காவும் மச்சானும் பிடித்தார்கள். உதைத்ததில் ஊசி வளைந்து மருந்து பாதி தரையில் போனது. நான் வீட்டில் இல்லை. கேன் போடப் போயிருந்தேன். சனிக்கிழமை லைனில் வீடுகள் அதிகம்.

மாலையும் அப்படித்தான் நடந்தது என்று சொன்னார்கள்.

விசில் எங்கே என்று தெரியவில்லை. கோயிலிலேயே கிடக்கும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வாந்தி. வயிற்றுவலி. மூச்சு வேகவேகமாக வாங்குகிறாள், வாயில் அழுகின பழ வாடை. அந்த வாடை வந்தால் ஒரு நிமிஷம் நிற்கக் கூடாது என்று சிஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராண்டா. உள்ளே அவளுக்கு இரண்டு பக்கமும் டிரிப் ஓடுகிறது. நேற்று முழுக்க கண் திறக்கவில்லை. இன்று மதியம் திறந்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். சாப்பாடு நன்றாக இருந்தது என்று எழுதியிருக்கிறேன், நான் சாப்பிடவே இல்லை.

என் மடியில் உட்கார்ந்தாள். கழுத்தில் மாலை, வாயில் விசில். கூட்டம் சிரித்தது. “என்ன சம்பந்தி, பேத்தி போலீஸ் வேலைக்குப் போகுதா?” என்று யாரோ மச்சானின் அப்பாவிடம் கேட்டார்கள். ஆசாரி காதில் சந்தனத்தால் புள்ளி வைத்தார். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என் கட்டைவிரலைப் பிடித்திருந்தாள். ஆசாரி கம்பியை எடுத்ததும் விசில் அடித்தாள்.

ஒற்றை விசில்.

நான் கையை நீட்டி, “இருங்க” என்றேன். ஆசாரி நின்றார். அதுவரைக்கும் சரி. மறுபடி கம்பி. மறுபடி ஒற்றை விசில். கூட்டம் சிரிப்பை நிறுத்திவிட்டது. நல்ல நேரம் முடிய ஏழு நிமிஷம் இருக்கிறது என்று பூசாரி சொன்னார். மச்சான் குனிந்து என் காதில் சொன்னார்: “இருநூறு பேர் பாக்குறாங்க. ஒரு பிள்ளயப் பிடிக்க வக்கில்லையா? படிப்பையும் பாதில விட்ட, இதையும் பாதில விடப் போறியா? பிடிடா.”

பிடித்தேன்.

இரண்டு கையாலும். அவள் கையோடு சேர்த்து நெஞ்சைக் கட்டினேன். யாரும் என் கையை எடுத்து அவள்மேல் வைக்கவில்லை. நானேதான். பலமான கை, தினம் அறுபது கேன் தூக்குகிற கை. அவள் அசையவே முடியவில்லை. கத்த வாயைத் திறந்ததும் விசில் விழுந்தது. அவள் “அம்மா” என்று கத்தவில்லை, “வலிக்குது” என்று கத்தவில்லை.

“சிங்கிள் மாமா! சிங்கிள் அடிச்சேன்! சிங்கிள்!”

குத்திவிட்டார். மேளம் அடித்தார்கள். இரண்டாவது காதுக்குத் திருப்பும்போது என் கை தானாகவே விட்டுவிட்டது. அவள் இறங்கிக் கூட்டத்துக்குள் ஓடிவிட்டாள்.

ஜனவரியில் தண்ணீர் குடித்தது எனக்குத் தெரியாது. அது தெரியாமல் நடந்தது. இது தெரிந்து செய்தது.

ஏப்ரல் 16, புதன்

சர்க்கரை 210. டிரிப் ஒன்றைக் கழற்றிவிட்டார்கள். கஞ்சி குடித்தாள். ஊசியை இப்போது கிளினிக்கிலிருந்து ஜெசிந்தா சிஸ்டரே வந்து போடுகிறார். எந்த இடம் என்று அவரிடம் காட்டுகிறாள். நான் உள்ளே போனால் போர்வையை இழுத்து முகத்தை மூடுகிறாள்.

மச்சான் வராண்டாவுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது, அவரும் தூங்கவில்லை. அதனால் மெதுவாகப் பேசலாம் என்றுதான் இருந்தேன். அவர் சொன்னார்:

“டிஸ்சார்ஜ் ஆனதும் வழியிலயே கோயிலுக்குப் போயி அந்த இன்னொரு காதையும் குத்திருவோம் மாப்ள. ஒத்தக் காதோட நின்னதுதான் சாமி குத்தமாயிருச்சு.”

“சாமி குத்தமில்ல மச்சான். நாலு வேள மருந்து உள்ள போகல.”

“அது எனக்கும் தெரியும்டா. ஆனா ஊர் என்ன பேசும்? பொம்பளப் பிள்ளய ஒத்தத் தோட்டோட வச்சிக்கிட்டு...”

“தாய்மாமன் மடியில்லாமக் குத்துவீங்களா?”

“அதெப்பிடிக் குத்துறது? மொறை இருக்குல்ல.”

“அப்ப மடி என்னுது. தரமாட்டேன்.”

அவருக்கு ஒரு நொடி புரியவில்லை.

“அவளா வந்து, மாமா உக்காரு, நான் குத்திக்கிறேன்னு சொல்ற வரைக்கும் என் மடி யாருக்கும் கெடையாது. இருபது வயசானாலும் சரி. கல்யாணத்துக்கு ஒத்தத் தோடோட போனாலும் சரி. சாமி வந்து என்கிட்டக் கேக்கட்டும், நான் பேசிக்கிறேன்.”

“திமிராடா உனக்கு?”

“ஆமா.”

கையை ஓங்கிவிட்டார். அக்கா நடுவில் வந்தாள். வந்தவள் என்னைத்தான் அடிப்பாள் என்று நினைத்தேன். மச்சான் பக்கம் திரும்பி, “அவன் சொல்றதுல என்ன தப்பு? நானும்தான் காலைப் பிடிச்சேன். எனக்கு அது இன்னும் கையில இருக்கு” என்றாள். வராண்டாவில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். இந்த முறை எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

போர்வைக்கு வெளியே உட்கார்ந்து பேசினேன்.

“சிங்கிள் அடிச்ச. நான் கேக்கல. பிடிச்சேன். பயந்துட்டேன். சத்தியம் பண்ணிட்டு மீறிட்டேன்.”

போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“உங்கப்பா சொன்னதாலன்னு சொல்ல வரல. என் கைதான்.”

போர்வைக்குள்ளிருந்து: “விசில் வாங்கிக் குடுத்தா எல்லாம் சரியாயிருமா?”

என் சட்டைப் பையில் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தேன். எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

“ஆகாது” என்றேன். பையை விட்டு எடுக்கவில்லை.

“போ.”

போனேன். சுபி என்ன சொன்னாள் என்று அக்கா கேட்டாள். ‘போ’ன்னு சொல்றா என்றேன். அக்கா அழுதாள். எனக்கு அது நல்ல சேதியாகத்தான் பட்டது. நேற்று வரைக்கும் அதுகூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 19, சனி

நேற்று இரவு வீட்டுக்கு வந்தோம். மாலை ஊசி ஆஸ்பத்திரியிலேயே முடிந்திருந்தது. இன்று காலைதான் எல்லாருக்கும் பயம். அக்கா லீவு போட்டிருந்தாள். மச்சான் கதவுப் பக்கம் நின்றார். தவறினால் மறுபடி ஆம்புலன்ஸ். யாரும் அதைச் சொல்லவில்லை.

ஏழு மணி. சுபி பாயில் வந்து உட்கார்ந்தாள். ஒரு காதில் தோடு, இன்னொன்று காலி.

“நானே போடுறேன்” என்றாள். “சிஸ்டர் சொல்லிக் குடுத்தாங்க. பெரியவங்க யாராவது பக்கத்துல இருந்து பாக்கணுமாம்.”

“யாரு இருக்கணும்?” என்றாள் அக்கா.

என்னைப் பார்க்காமல் சுபி கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். நான் அருகில் போனேன்.

“அங்கயே இரு. ஒக்காரு. கையை அடியில வை.”

“என்னது?”

“கையை. தொடைக்கு அடியில. ரெண்டும்.”

வைத்தேன். என் கைமேல் நானே உட்கார்ந்தேன். மச்சான், “இதென்ன கூத்து...” என்று ஆரம்பித்தார். “அப்பா, வெளிய” என்றாள். போய்விட்டார்.

இன்சுலின் பேனாவில் ஆறு யூனிட் வைத்து அக்கா கொடுத்தாள். நான் நம்பரைப் பார்த்து ஆமாம் என்று தலையாட்டினேன். சுபி தொடையில் ஐஸ் வைத்து இருபது எண்ணினாள். ஊசியைக் கொண்டு போனாள். எடுத்தாள். கொண்டு போனாள். எடுத்தாள். உதட்டைக் குவித்து ஊதினாள். விசில் இல்லை, வெறும் காற்று. அரைமணி நேரம் ஆயிற்று. எனக்கு உள்ளங்கை மரத்துப்போனது. ஒரே ஒரு நொடி வேலை, நான் செய்தால் முடிந்துவிடும் என்று கை அரித்தது. அந்த அரிப்புதான் காது குத்து அன்றும் வந்தது. தெரிந்துகொண்டேன். இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன்.

குத்தினாள்.

“ஸ்ஸ்ஸ்...”

“வலிக்குதா?”

“வலிக்குது. பேசாத. எண்ணு.”

எண்ணினேன். ஐந்து சொன்னதும் அவசரமாக எடுத்துவிட்டாள், ஒரு துளி தோலில் நின்றது. அடுத்த தடவை பத்து எண்ணுவோம் என்றேன். “சரி” என்றாள். என்னோடு பேசிய முதல் சரி.

எழுந்து தட்டை எடுக்கப் போனவள் திரும்பிப் பார்த்தாள். நான் இன்னும் கைமேலேயே உட்கார்ந்திருந்தேன்.

“எடுத்துக்கோ” என்றாள்.

ஏப்ரல் 23, புதன்

கிளினிக். சர்க்கரை 156. ஜெசிந்தா சிஸ்டர் நோட்டைப் பார்த்துக்கொண்டே வந்து நிறுத்தினார். “ஏப்ரல் பதினொண்ணுல இருந்து மூணு நாள் கட்டம் காலி. என்ன ஆச்சு?”

“நான் சொன்ன வாக்கை மீறிட்டேன். அதான்.”

பேனாவால் அந்த மூன்று கட்டத்தையும் சுற்றி வட்டம் போட்டார். திட்டுவார் என்று நின்றேன். “அங்க வெளிய ஒரு அப்பா நிக்கிறாரு. பையனக் கயித்தால கட்டிப் போடலாமான்னு கேக்குறாரு. போயி நீ மீறுன கதையச் சொல்லு” என்றார்.

சொன்னேன். அவர் நம்பவில்லை. சுபியைப் பார்த்து, “ஏம்மா, உங்க மாமா சொல்றது நெசமா?” என்று கேட்டார். “இவரு கையை அடியில வச்சா நெசம்தான்” என்றாள்.

அடுத்த காதுக்கு மச்சான் இன்னும் நாள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பார்க்கட்டும். ஆடியில் ஒன்று, ஆவணியில் ஒன்று என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறாராம். என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் அதேதான். சுபியிடமும் நான் கேட்கப் போவதில்லை. அவளாகச் சொல்லட்டும், சொல்லாமலே இருக்கட்டும்.

பேனாவில் யூனிட் வைக்க இப்போது என்னை விடுகிறாள். வைத்துக் கொடுத்ததும் கையை அடியில் வைத்துவிட வேண்டும். ஒருநாள் வைக்காமல் இருந்து பார்க்கலாமா என்று அக்கா கேட்டாள். ஏன், எனக்கென்ன குறை என்றேன். அண்ணாச்சியிடம் காலை லைனை எட்டு மணிக்கு மேல் மாற்றிக்கொண்டேன். முடியாது என்றார். அப்படியென்றால் நான் வரவில்லை என்றேன். மாற்றினார். இதை மட்டும் பாதியில் விடுவதாக...

கூப்பிடுகிறாள். மாலை மணி ஏழு. ஐஸ் வைத்துவிட்டாளாம், இருபதில் பன்னிரண்டு எண்ணியாயிற்றாம். போகணும்.